வாத்தியாரை யார் பார்த்துக்கொள்வது?
(கேலாங் முதல் நம் தோட்டம் வரை ஒரு சிறு வரலாறு)



பரிசளிப்பு விழா மலர் என்றால் பிள்ளைகளைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக இருக்கும். யார் முதல் பரிசு, யார் நூறு மீட்டர் ஓட்டத்தில் முந்தினார், யார் திருக்குறள் ஒப்புவித்தார் என்று படித்து மகிழ்வோம். அது முறைதான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் முன்னால் ஆண்டு முழுக்க நின்ற ஆசிரியரின் மனம் எப்படி இருக்கிறது, அது வாடாமல் இருக்க நம் முன்னோர்கள் என்ன செய்தார்கள், என்ன செய்யத் தவறினார்கள் என்று ஒரு பக்கமாவது வேண்டாமா? "வாத்தியாருக்கு என்னங்க குறை? நிழல்ல நின்னு பாடம் நடத்துறாரு, மாசம் பொறந்தா சம்பளம்" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. அந்தச் சொல் சரிதானா என்று வரலாற்றைக் கேட்டுப் பார்ப்போம்.

கேலாங்கும் ஒரு தோட்டமே!

நம் பிள்ளைகளின் தகப்பன்மாரில் பலர் ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் போய் இரவில் திரும்புகிறவர்களும் உண்டு. கேலாங் லோரோங்குகளில் நான்கைந்து பேராகச் சேர்ந்து அறை எடுத்துத் தங்கி வாரக் கடைசியில் வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு கேலாங் என்றால் அடுக்குமாடியும் சாப்பாட்டுக் கடையும் டுரியான் கடையும் சிவன் கோயிலும்தான் நினைவுக்கு வரும்.

ஆனால் அந்த இடமும் ஒரு காலத்தில் தோட்டமாகத்தான் இருந்தது. 'சிராய்' என்றால் மலாய் மொழியில் எலுமிச்சைப்புல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அல்சகாஃப் என்னும் அரபுக் குடும்பத்தார் அங்கே 'பெர்சிவரன்ஸ்' தோட்டம் என்ற பெயரில் அந்தப் புல்லைப் பயிரிட்டு எண்ணெய் வடித்தார்கள். அதனால்தான் கேலாங் சிராய் என்ற பெயரே நிலைத்தது. தென்னந்தோப்புகளும் அந்தப் பக்கம் இருந்தன. 1877இல் கியூ தோட்டத்திலிருந்து இருபத்திரண்டு ரப்பர்க் கன்றுகள் வந்து இறங்கியதும் சிங்கப்பூரில்தான். அந்தக் கன்றுகளின் வழிவந்த மரங்களை வெட்டத்தான் நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி வந்தார்கள். ஆகவே சிங்கப்பூரின் கதையும் நம் தோட்டத்தின் கதையும் ஒரே வேரில் கிளைத்த இரண்டு கிளைகள் என்று சொன்னால் மிகையாகாது.

கங்காணி வாத்தியார் காலம்

சிங்கப்பூரில் தமிழ் சொல்லிக் கொடுக்கும் முயற்சி மிகப் பழையது. 1834இல் தொடங்கிய இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பும் இருந்தது. புத்தகம் இல்லை, பிள்ளைகளும் போதவில்லை என்று அது நீடிக்காமல் நின்றுபோனது. தமிழ்ப் பள்ளிகளின் வரலாறு அன்றிலிருந்தே பற்றாக்குறையோடுதான் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள்.

மலாயாவில் என்ன நடந்தது? கூட்டு மாநிலங்களில் 1912இல் வந்த தொழிலாளர் சட்டமும், அதை விரிவாக்கிய 1923ஆம் ஆண்டுச் சட்டமும், ஏழு முதல் பதினான்கு வயது வரையில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றன. சட்டம் பள்ளியைத்தான் கேட்டது. பயிற்சி பெற்ற ஆசிரியரைக் கேட்கவில்லை. ஆகவே பல தோட்டங்களில் லயத்தின் கடைசி வீடு அல்லது ஆயாக் கொட்டகையின் ஒரு பக்கம் பள்ளியாயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ மருந்து கொடுக்கிறவரோ தம் வேலை முடிந்த நேரத்தில் வாத்தியாரானார். அரசாங்கத்தின் உதவித்தொகையும் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கைப் பார்த்தே வந்தது.

சற்று யோசித்துப் பாருங்கள். பிள்ளை பள்ளிக்கு வரவில்லையென்றால் அது வாத்தியார் மேல் விழும். ஆனால் பிள்ளை ஏன் வரவில்லை? அம்மாவோடு மரத்துக்குப் போய்க் கொட்டாங்கச்சி துடைக்கப் போயிருக்கும், தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்திருக்கும், காய்ச்சலாய்ப் படுத்திருக்கும். இதில் எதை வாத்தியார் தடுக்க முடியும்? தம் கையில் இல்லாத ஒன்றுக்குத் தாம் பதில் சொல்ல வேண்டிய நிலை! மனிதனின் மனத்தை மிக அதிகமாக அரிப்பது இதுதான். வேலை அதிகம் என்பதைவிட, எவ்வளவு உழைத்தாலும் கணக்கு நம் கையில் இல்லை என்பதே ஆளை வாட்டும். பால் குறைந்த மரத்தில் 'ஏன் பால் குறைச்சல்?' என்று மண்டோரிடம் ஏச்சு வாங்கிய பெரியவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இதற்கு மேல் தனிமை வேறு. ஒரே ஆசிரியர், ஆறு வகுப்பு, ஒரே கூடம். பாடத்தில் ஐயம் வந்தால் கேட்க ஆளில்லை. கிராணி வீட்டாரோடும் முழுதாகச் சேர முடியாது, லயத்து மக்களோடும் முழுதாகச் சேர முடியாது. 'வாத்தியார் ஐயா' என்று எல்லாரும் மரியாதை கொடுத்தார்கள். ஆனால் மனம் விட்டுப் பேச ஒருவரும் இல்லை.

சங்கம் பிறந்த கதை

சிங்கப்பூரிலும் நிலைமை பெரிதும் வேறாக இல்லை. தமிழ்ப் பள்ளிகளைப் பெரும்பாலும் மக்களே தங்கள் கைக்காசில் நடத்தினார்கள். 1932இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கம், ராமகிருஷ்ணர் மடம், இன்னும் சிறிய சங்கங்கள், தொழிலாளர் குழுக்கள் எனப் பலரும் கை கொடுத்தார்கள். 1935இல் கோ. சாரங்கபாணியார் தொடங்கிய 'தமிழ் முரசு' தமிழ்க் கல்விக்காக ஓயாமல் எழுதியது.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அந்த மூன்றரை ஆண்டில் நம் மக்கள் பட்ட பாட்டை, சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களின் கதையை, நீங்கள் பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். போர் முடிந்தபோது பள்ளிகளும் ஆசிரியர்களும் சிதறிக் கிடந்தார்கள். அந்தச் சாம்பலிலிருந்து 1946இல் எழுந்ததுதான் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி. அதைத் தொடங்கியவர்கள் பெரிய செல்வந்தர்கள் அல்லர். கடையநல்லூரிலிருந்து வந்து சிறு வியாபாரமும் உடலுழைப்பும் செய்து பிழைத்த முஸ்லிம் மக்களின் அமைப்பான கடையநல்லூர் முஸ்லிம் லீக் அது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரைச் சூட்டினார்கள். 1960இல் அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. சிங்கப்பூரில் தமிழ் வழியில் உயர்நிலைக் கல்வி கொடுத்த ஒரே பள்ளி அதுவே.

ஆனால் மக்கள் நடத்தும் பள்ளியில் ஒரு சங்கடம் உண்டு. மக்களிடம் காசு இருந்தால்தான் ஆசிரியருக்குச் சம்பளம். ஆங்கிலப் பள்ளி ஆசிரியருக்குக் கிடைத்ததைவிட மிகக் குறைவாகவே தமிழ்ப் பள்ளி ஆசிரியர் பெற்றார். பிள்ளைகளுக்கு ஒன்றும் குறையக்கூடாது என்று நினைத்தவர், தம் வீட்டில் எத்தனையோ குறையோடு இருந்தார்.

இந்த நிலையில்தான் 1951இல் சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கம் தோன்றியது. சங்கம் என்றவுடன் 'சம்பள உயர்வு கேட்கத்தானே' என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் உண்டு, அது நியாயமும்கூட. ஆனால் அதைவிடப் பெரிய வேலை ஒன்றைச் சங்கம் செய்தது. தனித்தனிப் பள்ளிகளில் தனித்தனியாக நின்றவர்கள் ஓரிடத்தில் கூடி, "எனக்கும் அப்படித்தான் ஐயா" என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் கிடைத்தது. துன்பத்தைச் சொல்ல ஆள் இருந்தால் அது பாதியாகிவிடும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வெறும் ஆறுதல் மொழியன்று. அது அனுபவ மொழி.

மலாய் ஆசிரியர்களும் இதே பாதையில்தான் நடந்தார்கள். 1950 ஆகஸ்டு 6ஆம் நாள் சிங்கப்பூரில் தோன்றிய 'அசாஸ் 50' என்னும் மலாய் எழுத்தாளர் அமைப்பில் ஆசிரியர்கள் பலர் இருந்தார்கள். பகலில் பாடம் நடத்திவிட்டு, இரவில் கதையும் கவிதையும் எழுதிக் கூடிப் பேசினார்கள். நம் தமிழாசிரியர்களும் 'தமிழ் முரசு' 1950களில் நடத்திய மாணவர் மணிமன்றத்துக்குத் துணை நின்று பிள்ளைகளை எழுத வைத்தார்கள், தாமும் எழுதினார்கள். வகுப்பறைக்கு வெளியே தமக்கென்று ஒரு மகிழ்ச்சி இருந்தவர்களே வகுப்பறையிலும் வாடாமல் நின்றார்கள் என்பதை இந்த வரலாறு நமக்குக் காட்டுகிறது.

சமமாக நடத்து என்ற குரல்

1956இல் சிங்கப்பூர்ச் சட்டமன்றத்தின் அனைத்துக் கட்சிக் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. சீனக் கல்வியைப் பற்றி ஆராயவே அந்தக் குழு அமைந்தது என்றாலும், மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்று அது சொன்னது. அதே ஆண்டில் மலாயாவில் ரசாக் அறிக்கை வந்தது. 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் வழி தோட்டப் பள்ளிகளும் நாட்டின் கல்வி முறைக்குள் வந்தன.

பயிற்சியும் விரிந்தது. 1950இல் திறந்த சிங்கப்பூர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி பின்னாளில் நான்கு மொழி ஆசிரியருக்கும் பயிற்சி கொடுத்தது. பள்ளிகள் வேகமாகப் பெருகிய காலம் அது. காலையில் ஒரு பள்ளியில் பாடம் நடத்திவிட்டு மதியம் கல்லூரிக்கு ஓடிய ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. சான்றிதழ் கிடைத்தது, சம்பளமும் நிலைத்தது. ஆனால் அந்த ஓட்டத்தில் உடம்பும் மனமும் என்ன பாடு பட்டிருக்கும்! சான்றிதழில் மதிப்பெண் எழுத இடம் உண்டு. தூங்காத இரவுகளை எழுத இடம் இல்லை.

ஆசிரியரின் நலத்தில் வீட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. சிங்கப்பூர் ஆசிரியர் சங்கம் 1960களின் இறுதியில் ஓர் அருமையான காரியம் செய்தது. இயோ சூ காங் பக்கம் ஆசிரியர்களுக்கென்றே ஒரு வீடமைப்புப் பேட்டையை உண்டாக்கியது. அந்தப் பேட்டையின் தெருக்களுக்கு என்ன பெயர் தெரியுமா? தாகூர், காளிதாசர், இக்பால், முன்ஷி அப்துல்லா, உமர் கய்யாம், லீ போ, து ஃபு! ஆசியாவின் கவிஞர்கள் எல்லாம் ஒரே பேட்டையில் குடியிருக்கிறார்கள். ஆசிரியர் என்றால் வாடகை வீட்டிலும் வாத்தியார் குவார்ட்டர்ஸிலும் ஒண்டிக் கிடக்க வேண்டியவர் அல்லர், அவருக்கும் சொந்த வாசல் வேண்டும் என்று சங்கமே முன்வந்து செய்த செயல் இது.

உலகமும் இதைப் பேசியது. 1966 அக்டோபர் 5ஆம் நாள் யுனெஸ்கோவும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் கூட்டிய மாநாட்டில் ஆசிரியர் தகுநிலை பற்றிய பரிந்துரை நிறைவேறியது. தொலைதூர இடங்களில் வேலை செய்யும் ஆசிரியருக்குத் தகுந்த வீடு, கூடுமானால் இலவசமாகவோ குறைந்த வாடகையிலோ, கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த நாளைத்தான் 1994 முதல் உலக ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். பூச்செண்டு கொடுக்கும் நாள் மட்டும் அல்ல அது. கடன் நினைவூட்டும் நாள்.

பள்ளி மூடினால் ஆசிரியர் என்ன ஆவார்?

சமம் என்ற கொள்கை வந்தாலும் காலம் வேறு பக்கம் நடந்தது. சிங்கப்பூர்ப் பெற்றோர்கள் வேலைவாய்ப்பை எண்ணிப் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார்கள். தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. கடைசியாக நின்ற உமறுப் புலவர் உயர்நிலைப் பள்ளியும் 1982இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே, 1983இல், உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் தோன்றி, பல பள்ளிகளின் பிள்ளைகள் ஒரே இடத்தில் கூடித் தமிழ் படிக்க வழி செய்தது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்று மொழியாயிற்று. தமிழ் தாய்மொழிப் பாடமாகத் தொடர்கிறது.

இதை மொழியின் கதையாக மட்டும் நாம் படிக்கிறோம். அதற்குள் ஆசிரியரின் கதையும் இருக்கிறது. தமிழ்ப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் வரலாறும் தமிழிலேயே சொல்லிக் கொடுத்தவர், ஆங்கிலப் பள்ளியில் தமிழ் மட்டும் நடத்தும் ஆசிரியரானார். பெரிய ஆசிரியர் அறையில் அவர் ஒருவர்தான் தமிழ். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. வேலை போகவில்லை, சம்பளம் நிற்கவில்லை. ஆனாலும் தாம் ஊன்றிய நிலம் காலடியில் நழுவியது போன்ற உணர்வு எப்படி வராமல் இருக்கும்? நம் நாட்டிலும் 1957இல் எண்ணூற்று எண்பதுக்கு மேல் இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று சுமார் ஐந்நூற்று முப்பதாகிவிட்டன. தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்பும் தொழிற்சாலையும் வர, மக்கள் நகரத்துக்குப் போக, பள்ளிகள் இடம் மாறின அல்லது மறைந்தன. அங்கே இருந்த ஆசிரியரின் மனநிலையை யாரும் குறிப்பேட்டில் எழுதி வைக்கவில்லை.

சிங்கப்பூர்த் தமிழர்கள் இந்த இழப்பை எப்படித் தாங்கினார்கள்? சங்கத்தை விடவில்லை. தமிழாசிரியர் சங்கம் கூட்டங்களும் பயிலரங்குகளும் மாணவர் போட்டிகளும் நடத்தி ஆசிரியரை ஆசிரியரோடு சேர்த்தே வைத்தது. 2002 முதல் தமிழ் முரசும் சங்கமும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து நல்லாசிரியர் விருது கொடுக்கத் தொடங்கின. மாணவரும் பெற்றோரும் தங்களுக்குப் பிடித்த ஆசிரியரைப் பற்றித் தாங்களே எழுதி முன்மொழிகிறார்கள். பரிசைவிட அந்தக் கடிதம்தான் ஆசிரியரின் நெஞ்சில் நிற்கும் என்பது என் எண்ணம்.

மெழுகுவத்திப் புகழ் போதுமா?

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். நம் விழா மேடைகளில் ஆசிரியரைத் 'தன்னை எரித்துக்கொண்டு ஒளி கொடுக்கும் மெழுகுவத்தி' என்று புகழ்வது வழக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எரிந்து முடிந்த மெழுகுவத்தியை யாராவது எடுத்துப் பார்த்தது உண்டா?

நான் முதன்முதலில் போய்ச் சேர்ந்த பள்ளியில் மூத்த ஆசிரியை ஒருவர் இருந்தார். பிள்ளைகள் குறைவு என்பதால் இரண்டு வகுப்பை ஒன்றாக வைத்து நடத்துவார். பாடம் முடிந்தால் அலுவலகப் பதிவு வேலை. அது முடிந்தால் வாய்ப்பாடு தெரியாத பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு. மதியம் மணி அடித்து எல்லாரும் போன பிறகும் நாற்காலியை விட்டு எழ மாட்டார். கேட்டால், "ஒண்ணும் இல்லப்பா, கொஞ்சம் அசதி" என்பார். அந்த அசதி இரண்டு ஆண்டு நீடித்தது. சிரித்துப் பேசியவர் பேச்சைக் குறைத்தார். "நான் நடத்தி என்ன ஆகப்போவுது?" என்று சொல்ல ஆரம்பித்தார். ஓய்வு வயதுக்கு முன்பே விண்ணப்பித்து வீட்டுக்குப் போய்விட்டார். பிரியாவிடை விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். நான்கு பேர் பேசினார்கள். நான்கு பேரும் மெழுகுவத்தி என்றே சொன்னார்கள்.

அந்த அசதிக்கு இன்று மருத்துவ உலகம் ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. வேலையால் வரும் இந்த மனச்சோர்வை உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் தன் அனைத்துலக வகைப்பாட்டில் விளக்கி எழுதியது. அது நோய் என்று சொல்லவில்லை. வேலை இடத்தின் ஓயாத நெருக்கடியைச் சரியாகக் கவனிக்காததால் வரும் நிலை என்றது. மூன்று அடையாளம் சொன்னது. ஒன்று, எழுந்திருக்கவே முடியாத சோர்வு. இரண்டு, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகிக் கசப்பு ஊறுவது. மூன்று, 'நம்மால் ஒன்றும் ஆகாது' என்ற எண்ணம். அந்த ஆசிரியைக்கு மூன்றும் இருந்தன. அது அவருடைய பலவீனம் அல்ல. சுமை ஒரு பக்கமாகவே ஏறினால் எந்தக் காண்டா வாளியும் தோளை அறுக்கத்தான் செய்யும்.

மனத்துயரைச் சொல்வது வெட்கம் என்று நம் மக்கள் நினைக்கிறார்கள். இதற்கு கேலாங்கிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக 2006இல் தொடங்கிய 'ஹெல்த்சர்வ்' என்னும் தொண்டு அமைப்பு அங்கே மருந்தகம் நடத்தியது. காய்ச்சலுக்கும் முதுகு வலிக்கும் மருந்து கொடுக்கத்தான் ஆரம்பித்தார்கள். போகப் போக, வருகிறவர்களின் உடம்பு வலிக்குப் பின்னால் கடன் கவலை, பிள்ளையைப் பிரிந்த ஏக்கம், தூக்கமின்மை இருப்பதைக் கண்டு மன ஆலோசனையும் கொடுக்கத் தொடங்கினார்கள். கட்டட வேலை செய்யும் திடகாத்திரமான ஆளுக்கே மனம் கனக்கும், அதைப் பேசலாம், பேசினால் இறங்கும் என்றால், முப்பது பிள்ளைகளின் சுமையைச் சுமக்கும் ஆசிரியர் பேசுவதில் என்ன வெட்கம்?

நாம் என்ன செய்யலாம்?

பெற்றோர்களே! 'இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது, நாங்க கூலிக்காரங்க என்ன பண்ண முடியும்?' என்று கேட்கலாம். ஆசிரியர் எண்ணிக்கை, பள்ளிக் கட்டடம், ஆசிரியர் வீடு இவை அரசும் பள்ளி வாரியமும் செய்ய வேண்டியவை. அவற்றை நாம் விடாமல் கேட்கத்தான் வேண்டும். ஆனால் உமறுப் புலவர் பள்ளியை ஆரம்பித்தவர்களும் கூலிக்காரர்களும் சிறு கடைக்காரர்களும்தான் என்பதை மறக்காதீர்கள். நம் கையில் இருப்பதும் கொஞ்சம் அல்ல.

முதலாவது, நேரம். 2024 செப்டம்பரில் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு, ஆசிரியர்கள் தங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணைப் பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதில்லை, பள்ளி நேரத்துக்குப் பிறகு வரும் செய்திகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று தெளிவாக அறிவித்தது. அவசரமானால் பள்ளிக்குச் சொல்லலாம். நம் ஊரில் என்ன நடக்கிறது? இரவு பத்தரை மணிக்கு வாட்சாப்பில், "சார், நாளைக்கு என்ன புக்கு கொண்டு வரணும்?" ஒருவர் கேட்டால் பின்னாலேயே பதினைந்து பேர். ஆசிரியர் வீட்டிலும் பசிக்கும் பிள்ளை உண்டு, படுக்கையில் இருக்கும் அம்மா உண்டு. மாலை ஆறு மணிக்கு மேல் அவசரம் இல்லாத எதையும் கேட்பதில்லை என்று நம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலேயே முடிவெடுக்கலாம். காசு செலவில்லாத உதவி இது.

இரண்டாவது, குறையை நேரில் சொல்வது. பிள்ளையை ஆசிரியர் கண்டித்தால், சாப்பாட்டுக் கடையில் பேசி, கோயிலில் பேசி, ஊரெல்லாம் சுற்றி வந்து கடைசியில் ஆசிரியர் காதில் விழும். அதற்குள் அது வேறு கதையாகியிருக்கும். பள்ளிக்கு வந்து, உட்கார்ந்து, "டீச்சர், என்ன நடந்துச்சு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆசிரியர் மேல் உண்மையாகவே தவறு இருந்தால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும். திருத்திக்கொள்ளவும் இடம் உண்டு.

மூன்றாவது, தனிமையைப் போக்குவது. வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் இளம் ஆசிரியர்கள் யாரையும் தெரியாமல் வந்து நிற்கிறார்கள். பொங்கலுக்கு ஒரு வாய்ச் சோறு, தோட்டத்துத் திருவிழாவுக்கு ஓர் அழைப்பு, வீடு பிடிக்க ஒரு துணை. இவை சிறியவை என்று நினைக்காதீர்கள். ஆசிரியரைத் தோட்டத்தில் நிறுத்தி வைப்பதும் ஓடிப்போக வைப்பதும் பெரும்பாலும் இவைதாம்.

நான்காவது, சக ஆசிரியர்களுக்கு ஒரு சொல். 1951இல் சிங்கப்பூரில் கூடியவர்களைப் போல நாமும் பக்கத்துத் தோட்டப் பள்ளிகளோடு மாதம் ஒருமுறையாவது கூடுவோம். பாடத் திட்டத்தைப் பேச ஒரு மணி நேரம். மனத்தைப் பேச ஒரு மணி நேரம். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வாரக்கணக்கில் மனம் கனத்தால் மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம். பல்வலிக்குப் போகிறோம், மனவலிக்கும் போகலாம். அரசாங்க மருத்துவமனைகளில் அதற்கென்று மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

மாணவத் தம்பி தங்கைகளே! உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. இன்று பரிசு வாங்கும்போது மேடையில் கைகுலுக்கிவிட்டு ஓடிவிடாதீர்கள். நாளைக்கு ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள். 'டீச்சர், நீங்கள் இன்ன பாடத்தை இப்படிச் சொல்லிக் கொடுத்தீர்கள், அது எனக்குப் புரிந்தது' என்று குறிப்பாக எழுதுங்கள். 'நீங்கள் ரொம்ப நல்லவர்' என்று பொதுவாக எழுத வேண்டாம். 'நம்மால் என்ன ஆகப்போகிறது' என்று சோர்ந்து உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கு அந்த நான்கு வரி பெரிய மருந்து.

பெரியோர்களே! வரலாறு என்பது ராஜா ராணி கதை மட்டும் அன்று. லயத்து மூலையில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு நம் பாட்டனுக்கு 'அ' எழுதப் பழக்கிய கங்காணி வாத்தியாரும் வரலாறுதான். அவருடைய பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர் எப்படி இருந்தார், என்ன பட்டார் என்று அன்று கேட்டவர் யாரும் இல்லை. இன்று நம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர் நம் கண் முன்னாலேயே இருக்கிறார். அடுத்த முறை பள்ளி வாசலில் அவரைப் பார்க்கும்போது, "என் பிள்ளை எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்பதற்கு முன்னால், "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதில் வரும் வரை கொஞ்சம் நில்லுங்கள்.

வாழ்க தமிழ்ப் பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!